அட்டையை மாற்றிப் போட்ட கை

அந்த மனிதர் வீட்டைப் பூட்டினால் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். நாலு படி இறங்குவார், மறுபடி ஏறிவந்து இன்னொரு தரம் இழுப்பார். தெருமுனைவரை போய்விட்டு, என்னமோ போலிருக்கிறது என்று திரும்பி வந்து மூன்றாம் தரமும் இழுத்துப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சே வரும். அடுப்பை அணைத்தாலும் அப்படித்தான், குழாயை மூடினாலும் அப்படித்தான். குடியிருப்பில் அவருக்கு 'மூணுதரம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவர் காதுபடவே பிள்ளைகள் கூப்பிடும். கோபப்படுவாரா என்றால் அதுதான் இல்லை. "என்னடா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

பிறவிக் குணம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட அவருடைய ஒரே மகள்கூட, போன் செய்தால் முதலில் கேட்பது "அப்பா இன்னிக்கு எத்தனை தடவை படியேறினாரு?" என்பதுதான். பிறவிக் குணமாவது மண்ணாவது! இருபத்தேழு வயதுவரை பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஆள் அவர். இந்த வியாதி எப்படி வந்தது என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அவர் பக்கத்திலேயே படுத்து எழுந்துகொண்டு, முப்பது வருஷத்துக்கு மேலாக வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அவர் மனைவியைத்தான் சொல்கிறேன். 'கண்ணாடியக்கா' என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு, தட்டில் ஒரு சீட்டு, ஒரு சட்டம், இரண்டு வட்டக் கண்ணாடி. லென்ஸ் கைக்கு வந்ததும் அவளுடைய முதல் வேலை, வலது கண்ணுக்கானதில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பது. அதற்குப் பிறகுதான் மெஷினைத் தொடுவாள். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட இடதை வலதில் மாட்டியதில்லை. "இவங்க கையில இடம் வலம் மாறவே மாறாது" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மெச்சுவார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் சிவப்புப் புள்ளியை இன்னொரு தரம் பார்த்துக்கொள்வாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் மாறியிருக்கிறது. அந்த ஒரு நாள்தான் இத்தனைக்கும் காரணம்.

அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. ஒரு கேசட் கம்பெனியில் டப்பா அடைக்கிற வேலை பார்த்தாள். புது டேப் ரிக்கார்டர் வாங்குகிறவர்களுக்குக் கம்பெனி ஒரு கேசட் இலவசமாகக் கொடுத்தது. மாதிரி கேசட் என்று அதற்குப் பேர். பன்னிரண்டு கேசட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த பன்னிரண்டு உருப்படிகள் அதில் இருக்கும். கேட்பவருக்கு எது பிடிக்கிறதோ, அட்டையில் அதற்கு நேரே போட்டிருக்கிற கேசட் பேரைப் பார்த்து, கடைக்குப் போய் முழுக் கேசட்டை வாங்கவேண்டும். அதுதான் கம்பெனியின் தந்திரம். முதல் மாதிரி, இரண்டாம் மாதிரி என்று இரண்டு வகை போட்டார்கள். எந்தப் புண்ணியவான் யோசனையோ, இரண்டுக்கும் ஒரே மஞ்சள் அட்டை, ஒரே படம். மூலையில் எறும்பு அளவுக்கு அச்சடித்த எண் மட்டும்தான் வேறே.

காலையில் அட்டைக் கட்டுகளை மேஜைமேல் வைப்பது ஸ்டோர்க்காரரின் வேலை. இடது பக்கம் ஒன்றாம் எண் கட்டு, வலது பக்கம் இரண்டாம் எண் கட்டு. காலையில் முதல் மாதிரி கேசட்டுகள் வரும். இடது கட்டிலிருந்து எடுத்துச் செருகவேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் மாதிரி வரும், வலது கட்டு. அட்டையைப் படித்துப் பார்த்துச் செருக நேரமெல்லாம் கிடையாது. கை பழகின பக்கம் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த ஸ்டோர்க்காரர்தான் பின்னாளில் மூணுதரம். அப்போது அவர் வேறு ஆள். சீட்டியடித்துக்கொண்டே வருவார். சாவிக்கொத்தை மேலே தூக்கிப் போட்டுப் பார்க்காமலேயே பிடிப்பார். ஸ்டோர் ரூமைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வேலை செய்கிற பெண்களெல்லாம் அவரைக் கிண்டல் செய்வார்கள். இவள் மட்டும் கிண்டல் செய்யமாட்டாள். ஏன் செய்யவில்லை என்பது மற்ற பெண்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலையில், ஒலிப்பதிவு அறைக்காரர்கள் ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அந்தக் கூடத்தில் வைத்து, முதல் மாதிரியைப் போட்டுச் சோதித்தார்கள். ஆறு பாட்டு போயிற்று. அவள் தலைநிமிரவில்லை. ஏழாவது வந்தது. அது பாட்டே இல்லை. ஏதோ ஒரு படத்தில் காட்சிக்குப் பின்னால் வாசித்த இசை. சினிமா இசை என்றால் பாட்டு மட்டும்தான் என்று அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தால் கேட்பாள், பேச்சு வந்தால் பேச்சைக் கேட்பாள், பேச்சுக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று யார் கண்டது? ஒரு வயலின் என்னமோ கேட்டது. ஒரு புல்லாங்குழல் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு, வேண்டாமென்று விட்டுவிட்டது. மறுபடி வயலின் கேட்டது. அவள் எழுந்தாள். யாரோ கூப்பிட்ட மாதிரி நடந்துபோய் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாள். முடிந்ததும் திரும்பி வந்து, எந்த நாற்காலி ஸ்பீக்கருக்குப் பக்கமோ அதில் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். இடது வலதாயிற்று, வலது இடதாயிற்று. கை மட்டும் பழகின பழக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது தன் சாப்பாட்டுப் பையைத் தேடினாள். அது எதிர்ப்பக்க நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்ததும்தான் இடம் மாறி உட்கார்ந்தது அவளுக்குப் புரிந்தது. வாசலுக்கு ஓடினாள். நானூறு டப்பாவும் லாரியில் ஏறிப் போயாகிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவள்தான், பயம். இரண்டு வாரத்தில் கடைகளிலிருந்து புகார் வந்தது. அட்டையில் போட்ட பேரை நம்பி வாங்கினால் கேசட்டில் அந்தப் பாட்டே இல்லையாம், வாங்கினவர்கள் வந்து சண்டை போடுகிறார்களாம். மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, "அட்டைக் கட்டை மேஜைல வெச்சது யாரு?" என்று கத்தினார். ஸ்டோர்க்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நான்தான் சார் வெச்சேன். சரியா வெச்சதாத்தான் ஞாபகம். ஆனா மாறியிருக்குன்னா, என் கைதான் மாத்தியிருக்கணும்" என்றார். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அழுதுகொண்டு நின்ற இவளைப் பார்த்து, "நீ ஏம்மா அழறே? உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். ஐயோ!

பாவம் பார்த்து அவரைக் கட்டிக்கொண்டாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். பிடித்துத்தான் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கல்யாணமானதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அப்புறம் மகள் பிறந்தாள், பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்று விட்டாள். அதற்குள் அவர் முழு மூணுதரமாகியிருந்தார். மருந்துக்கடையில் நல்ல வேலை வந்தது. "என் கையை நம்பி மருந்தா? யாருக்காவது மாத்திக் குடுத்துட்டா?" என்று மறுத்துவிட்டார். கடைசியில், கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலைக்குப் போனார். சீட்டு மாறினால் காரின் சொந்தக்காரனே வந்து சத்தம் போட்டுத் திருத்திக்கொள்வான், யாருக்கும் கேடில்லை என்பது அவர் கணக்கு. சீட்டியடிப்பது நின்றுபோனது. வீட்டில் பாட்டுப்பெட்டியே வாங்கவில்லை. யாராவது பாட்டுப் போட்டால் எழுந்துபோய்க் குழாயைச் சரிபார்ப்பார். ஏழாவதை அவள் கடையில், மெஷின் சத்தத்துக்குள் மட்டும்தான் முணுமுணுத்துக்கொள்வாள்.

இப்படியே காலம் ஓடிவிட்டிருக்கும். ஒரு நாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பத்துமூன்று வயது, வெள்ளெழுத்து. படங்களுக்குப் பின்னணி இசை அமைக்கிறவளாம். எதிரே இருக்கிற திரையும் தெரியவேண்டும், கைக்குக் கீழே கீபோர்டும் தெரியவேண்டும் என்று கேட்டாள். கண்ணாடியக்கா பின்னறையில் அவளுடைய லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தடுப்புக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அக்கா, இப்ப என்ன முணுமுணுத்தீங்க?"

"நானா? மெஷின் சத்தம்மா அது."

"மெஷின் இவ்வளவு சுருதியாப் பாடுமா? இன்னொரு தடவை பாடுங்களேன்."

அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே பாடினாள். அந்தப் பெண் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியில் அவளும் சேர்ந்துகொண்டாள். வயலினை இவள் பாட, புல்லாங்குழலை அவள் பாட, கண்பரிசோதனைக்குக் காத்திருந்த நாலு பேரும் இதென்ன கூத்து என்று பார்த்தார்கள்.

"இதை எட்டு வருஷம் தேடினேன்க்கா" என்றாள் அந்தப் பெண். "எங்க வீட்டுல டேப் ரிக்கார்டர் வாங்கினப்ப எனக்குப் பதினொரு வயசு. கூட ஒரு மாதிரி கேசட் குடுத்தாங்க. அதுல ஏழாவது இது. எனக்கு உயிர். அட்டையில ஏழாவதுக்கு நேரா ஒரு கேசட் பேரு போட்டிருந்துச்சு. பிறந்தநாளுக்கு அதுதான் வேணும்னு சாப்பிடாம அடம்பிடிச்சேன். வாங்கிப் போட்டா, ஒத்தை வயலின்! நாப்பது நிமிஷம், வேற ஒண்ணுமே இல்ல. பிரிச்ச கேசட்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன்னுட்டாரு. என்ன பண்றது, அதையே கேட்டேன். முதல் வாரம் அழுகையா வந்துச்சு. ரெண்டாவது வாரம் சரி போகட்டும்னு இருந்துச்சு. மூணாவது வாரம் எங்கப்பாகிட்ட, எனக்கு வயலின் கத்துக்குடுங்கன்னு போய் நின்னேன்."

"அட!" என்றாள் அக்கா. மெஷினை நிறுத்திவிட்டிருந்தாள்.

"அதோட விட்டேனா? ஏழாவது வேற பேருல இருக்கும்னு நினைச்சு, அட்டையில இருந்த மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா வாங்கினேன். ஒண்ணுல பித்தளை வாத்தியக்காரங்க முப்பது பேரு. ஒண்ணுல ஒரு பாட்டுக்காரம்மா, தாளம் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது, மூச்சு மட்டும்தான். ஒண்ணுலயும் நான் தேடினது இல்ல. ஆனா எல்லாத்தையும் தேயத் தேயக் கேட்டேன். அட்டை மட்டும் சரியா இருந்திருந்தா இதையெல்லாம் நான் ஜென்மத்துல தொட்டிருக்கமாட்டேன். பத்தொன்பது வயசுல டிவில ஏதோ படம் ஓடுது. ஒரு பொண்ணு மாடியில காயற துணியை அவசரமா எடுக்கறா, மழை வரப்போகுது. பின்னால நம்ம ஏழாவது! தட்டைக் கவுத்துட்டேன். அன்னிலேருந்து எந்தப் படம் பாத்தாலும் பேச்சுக்குப் பின்னால என்ன வாசிக்கறாங்கன்னுதான் காது போகும். இப்ப அதுதான் எனக்குச் சோறு போடுது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு லென்ஸைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்.

"ரொம்ப நாள் கழிச்சு ரெண்டாவது மாதிரி கைக்குக் கிடைச்சுதுக்கா. அப்பத்தான் விஷயம் புரிஞ்சுது. அதுக்குள்ள இருக்கவேண்டிய அட்டை என் டப்பாவுக்கு வந்திருக்கு. யாரோ மாத்திப் போட்டிருக்காங்க. அந்தக் கையை ஒரு தடவை பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்க்கா. வேற ஆசையே இல்ல."

அக்காவுக்கு என்ன ஆயிற்றோ, "அந்தக் கம்பெனியிலதாம்மா நான் வேலை பார்த்தேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

"நிஜமாவா! அப்ப யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணுக்கு எதிரே வாய்ப்பு வந்து நிற்கிறது. திட்டப்போவதில்லை, அடிக்கப்போவதில்லை, கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் கேட்கிறாள். நம்முடைய அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள். இத்தனை வருஷம் ஊரறிந்த பதில் அதுதானே, நாக்கு அந்தப் பக்கமே போய்விட்டது. பாவி, பாவி! இனி அந்தப் பெண்ணை யார் தடுப்பது? முகவரி வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு பை நிறையப் பழமும் கையில் ஒரு சின்னப் பாட்டுப்பெட்டியுமாக வந்து சேர்ந்தாள். "கேசட் கம்பெனி" என்று அவள் ஆரம்பித்ததுமே மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துபோய்க் குழாயைச் சரிபார்த்துவிட்டு வந்தார். அவள் விடவில்லை. பதினொரு வயதிலிருந்து நேற்றுவரை சொன்னாள். அக்கா அடுக்களையில் நின்று டீ ஆற்றினாள். ஆற்றி ஆற்றி டீ பச்சைத்தண்ணியாகிவிட்டது.

கேட்கக் கேட்க அவர் முதுகு நிமிர்ந்ததை அக்கா கதவிடுக்கில் பார்த்தாள். அப்படி அவர் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று!

"என் தப்பாலயாம்மா?" என்றார்.

"தப்புன்னு சொல்லாதீங்கண்ணா. உங்க புண்ணியத்தால."

"ஒருத்தருக்காவது நல்லது நடந்திருக்கே" என்று அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் என்னென்னவோ நினைச்சிட்டிருந்தேன்மா இத்தனை நாளா. ரொம்ப நன்றிம்மா."

அக்காவுக்கு நெஞ்சு இரண்டாகப் பிளந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அவர் முகத்தில் வந்திருக்கிற இந்த வெளிச்சத்தைத் தட்டிப் பறித்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் அவர் சாகும்வரை கை தவறினவராகவே இருப்பார். கும்பிடு வாங்கின குற்றவாளி, அவ்வளவுதான் வித்தியாசம். நன்றாகத்தானே இருக்கிறார், விட்டுவிடேன் என்று மனசு சொன்னது. அந்த மனசுக்கு இத்தனை வருஷப் பழக்கம்.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "அண்ணா, என்னோட பன்னெண்டு படத்துலேருந்து ஒவ்வொண்ணா எடுத்து ஒரு மாதிரித் தொகுப்பு போடறேன். புதுசா கேட்கறவங்களுக்காக. இதுதான் அட்டை, நாளைக்கு அச்சுக்குப் போகுது. நன்றின்னு போட்டு ஒரு வரி காலியா விட்டிருக்கேன். உங்க முழுப் பேரைச் சொல்லுங்க." பேனாவைத் திறந்தாள்.

மறுபடியும் ஒரு மாதிரி. மறுபடியும் ஒரு அட்டை. மறுபடியும் அதில் மாறின பேர். ஆனால் இந்தத் தடவை லாரி இன்னும் கிளம்பவில்லை.

"எழுதாதம்மா!" அக்கா டீத் தம்ளரோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். "அந்தப் பேரை எழுதாதே. அட்டையை மாத்தினது அவரில்ல. நான்."

பேனா அப்படியே நின்றது. அக்கா நின்றபடியே சொன்னாள், நிறுத்தினால் மறுபடி பயம் வந்துவிடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஸ்பீக்கர், ஏழாவது, எதிர்ப்பக்க நாற்காலி, ஆணியில் தொங்கின பை, கிளம்பிப்போன லாரி. "இவர் சரியாத்தான் வெச்சாரு. நான்தான் இடம் மாறி உக்காந்துட்டேன். வேலை போயிடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

அவர் அவளையே பார்த்தார்.

"அப்ப நான் இடது பக்கம் ஒண்ணுதான் வெச்சேனா?"

"ஆமாங்க."

"வலது பக்கம் ரெண்டு?"

"ஆமாங்க."

"நல்லா ஞாபகம் இருக்கா? நான் சரியாத்தான் வெச்சேனா?"

"சரியாத்தாங்க வெச்சீங்க. உங்க கை மாறவே இல்ல."

மூன்று தரம் கேட்டுவிட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. வந்திருந்த பெண் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தாள். அவரோ, "உக்காரும்மா. நீ என்ன பண்ணுவே பாவம், டீயைக் குடி" என்றார். அவள் என்ன நினைத்தாளோ, பாட்டுப்பெட்டியைத் திறந்து ஏழாவதைப் போட்டாள். கூடத்தில் வயலின் கேட்க ஆரம்பித்தது. அவர் எழுந்து குழாய்ப் பக்கம் போகவில்லை. முடிகிறவரை உட்கார்ந்து கேட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. புறப்படும்போது அந்தப் பெண் முதலில் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அவர் கையையும் பிடித்து ஒற்றிக்கொண்டாள். "ரெண்டு பேர் பேரையும் போடறேன். சரியா வெச்சவருக்கு ஒண்ணு, மாத்திப் போட்டவங்களுக்கு ஒண்ணு" என்றாள்.

அவள் போனதும்தான் இடி இறங்கியது.

"முப்பத்திரண்டு வருஷம்!" என்றார் அவர். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. "மருந்துக்கடை வேலையை விட்டேன். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டப் பயந்தேன், கை நழுவிடுமோன்னு. மூணு மாசம் அவளை நான் தூக்கவே இல்ல, தெரியுமில்ல உனக்கு? பக்கத்துல நின்னு பாத்துட்டுதானே இருந்தே?"

"பாத்துட்டுதான் இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"பயங்க. முதல்ல வேலை போயிடுமேன்னு பயம். அப்புறம் நீங்க போயிடுவீங்களோன்னு பயம்."

"போயிருப்பேனா நான்?"

"தெரியல. அதான் பயம்."

அவர் தட்டைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார். தன் தட்டைத் தானே கழுவினார். சமாதானம் சொல்ல அக்கா வரவில்லை. என்ன சமாதானம் இருக்கிறது அவளிடம்? சுவரோரமாக உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்தாள். வெயில் தாழ்ந்து, விளக்குப் போடலாமா வேண்டாமா என்கிற நேரத்தில் அவர் வந்து எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு துணியை எடுத்து மடித்தார்.

"கோபம் தீரல எனக்கு."

"தீர வேண்டாங்க. இருக்கட்டும்."

"சீக்கிரத்துல தீராது."

"சரிங்க."

"ஆனா ஒண்ணு." துணியை மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு என் பேரை எழுத பேனாவைத் திறந்தப்ப, நீ உள்ளேயே இருந்திருக்கலாம். நானும் சந்தோஷமா இருந்திருப்பேன். நீயும் தப்பிச்சிருப்பே. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. டீயைத் தூக்கிட்டு ஓடிவந்தியே." மடியிலிருந்த துணியை அவள் பக்கம் நகர்த்தினார். "அதுக்கு நன்றி."

அக்கா துணிமூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகை நின்றதும் அவள்தான் எழுந்து விளக்கைப் போட்டாள்.

மறுநாள் காலையில் இருவரும் ஒன்றாக வேலைக்குக் கிளம்பினார்கள். அவர் கதவைச் சாத்திப் பூட்டை மாட்டினார். சாவியை உருவிக்கொண்டு படியிறங்கினார். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. நாலாவது படியில் நிற்கவில்லை. தெருவில் நடக்கும்போது மெதுவாக ஒரு சீட்டிச் சத்தம் வந்தது. உதடு பழக்கம் விட்டுப்போய்க் காற்றுதான் பாதி, ஆனாலும் ஏழாவதுதான். எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை "மூணுதரம், இன்னிக்குத் திரும்பி வரலையா?" என்று கேட்டது. "இல்லடா" என்று சொல்லிவிட்டுத் தெருமுனையைத் தாண்டப் பார்த்தார்.

அக்காவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எத்தனை வருஷம் அவர் திரும்பி ஓடிவந்ததைப் பார்த்துப் பழகின கால்! "ஏங்க, குடையை மறந்துட்டேன், ஒரு நிமிஷம்" என்று பொய் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். படியேறிப் பூட்டைப் பார்த்தாள். கொக்கி உள்ளே அழுந்தவில்லை. பூட்டு வாயைத் திறந்துகொண்டு சும்மா தொங்கியது. டக்கென்று அழுத்திப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். நேற்றுத்தான் அந்த மனிதருக்குத் தன் கைமேல் நம்பிக்கை வந்தது. இன்றைக்கே இதைப் போய் எப்படிச் சொல்வது?

அவர் தெருமுனையிலேயே நின்றிருந்தார். அவள் கையைப் பார்த்தார். குடை இல்லை.

"பூட்டியிருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை, அவர் சந்தோஷமாகப் போவார். அக்கா அதை மென்று விழுங்கினாள்.

"இல்லைங்க. தொங்கிட்டிருந்துச்சு. நான்தான் அழுத்திட்டு வந்தேன்."

அவர் முகம் ஒரு கணம் பழைய முகமாகப் போனது. அவளுக்கு உயிரே போய்விட்டது. அப்புறம், எங்கிருந்து வந்ததோ, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அது நான் பண்ணினது" என்றார். "அது நிஜமாவே நான் பண்ணினது!"

சொல்லிவிட்டுச் சாவியை மேலே தூக்கிப் போட்டார். பிடிக்கத் தவறினார். குனிந்து எடுத்துக்கொண்டு, மறுபடி தூக்கிப் போட்டுக்கொண்டே நடந்தார்.